7. வேவ்லெட்: எதை வைப்பது, எதை விடுவது

தாளைக் கோணாமல் கிடத்தி, நிறத்தைச் சரிபார்த்து, ஒரு பக்கத்தை 3,000 × 4,000 பிக்சலில் எடுத்தாயிற்று. சுருக்காமல் வைத்தால் அது 36 எம்பி. முந்நூறு பக்கப் புத்தகம் பத்து ஜிபியைத் தாண்டிவிடும். ஓர் அலமாரிப் புத்தகத்தை இப்படிச் சேர்த்தால் வட்டு வாங்கியே மாளாது. சுருக்கியாக வேண்டும். ஆனால் இது மூலப்படி. நாளைக்குத் தாள் பொடிந்துபோனால் இதுதான் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு சுருக்கவும் கூடாது.

இந்த அத்தியாயம் ஜேபெக் 2000 வடிவத்தைப் பற்றியது. கோப்பின் பெயர் பெரும்பாலும் ஜேபி2 என்று முடியும். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய நூல்களைத் தரவிறக்கியவர்கள் பட்டியலில் ‘ஜேபி2’ என்றொரு கனமான ஜிப் கோப்பைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் பிடிஎஃப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஆர்க்கைவே ஸ்கேன் செய்த நூல்களில் பக்கத்தின் நல்ல படம் அந்த ஜிப்புக்குள்தான் இருக்கிறது. பிடிஎஃப் அதிலிருந்து மேலும் பிழிந்து எடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை வைத்திருப்பதும், செவ்வாயைச் சுற்றும் ஹைரைஸ் கேமராவின் படங்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பதும் இதே வடிவத்தில்தான். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. இதன் நடுவே உட்கார்ந்திருக்கும் கணக்குக்குப் பெயர் வேவ்லெட் உருமாற்றம்.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். வேவ்லெட் எதையும் சுருக்குவதில்லை. எட்டு எண் உள்ளே போனால் எட்டு எண்தான் வெளியே வரும். முறத்தில் அரிசியைப் புடைத்தால் நொய் ஒருபுறமும் அரிசி ஒருபுறமும் ஒதுங்குவதுபோல, முக்கியமான எண்களையும் அற்ப எண்களையும் அது பிரித்துவைக்கும், அவ்வளவுதான். நொய்யை எறிவதா, எவ்வளவு எறிவது என்பது அடுத்த வேலை. அந்த முடிவை மென்பொருள் உங்களிடம் கேட்கும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் தானே முடிவு செய்துகொள்ளும். இந்த அத்தியாயத்தின் பாடம் இதுதான்.

கையால் ஒரு கணக்கு

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளுத்த தாளில் ஓர் எழுத்தின் ஓரத்தைக் கடக்கும் எட்டு பிக்சல்களை வரிசையாக எழுதுவோம். 255 என்றால் முழு வெள்ளை, 0 என்றால் முழுக் கறுப்பு.

200, 202, 204, 60, 58, 60, 62, 62

மூன்றாவது பிக்சல் வரை தாள், நான்காவதிலிருந்து மை. இனி இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் சராசரியையும் வித்தியாசத்தில் பாதியையும் எழுதுங்கள். சராசரிகள்: 201, 132, 59, 62. வித்தியாசங்கள்: −1, 72, −1, 0. சராசரிகளை மட்டும் எடுத்து மறுபடி அதையே செய்தால் சராசரி 166.5, 60.5, வித்தியாசம் 34.5, −1.5. இன்னொரு முறை செய்தால் சராசரி 113.5, வித்தியாசம் 53. கடைசிச் சராசரியை முதலில் வைத்து, வித்தியாசங்களைப் பின்னால் வரிசைப்படுத்துவோம்:

113.5, 53, 34.5, −1.5, −1, 72, −1, 0

இதுதான் ஹார் வேவ்லெட். ஹங்கேரியரான ஆல்ஃபிரெட் ஹார் 1909-இல் தம் ஆய்வேட்டில் எழுதியது. படம் சுருக்குவது பற்றி அவர் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. வரிசையைப் பாருங்கள். எட்டில் நான்கு எண்கள் ஒன்றுக்கும் உதவாதவை. அவற்றைப் பூஜ்யமாக்கிவிட்டு, பின்னோக்கிக் கணக்குப்போடுங்கள். சராசரியோடு வித்தியாசத்தைக் கூட்டினால் ஜோடியில் முதல் எண், கழித்தால் இரண்டாவது எண். கிடைப்பது:

201, 201, 204, 60, 60.5, 60.5, 60.5, 60.5

பாதி எண்களைத் தூக்கி எறிந்தும், 204-இலிருந்து 60-க்கு விழும் அந்த எழுத்தோரம் அசையவேயில்லை. தாளின் சொரசொரப்பும் மையின் லேசான ஏற்ற இறக்கமும்தான் மழுங்கின. அதிகபட்சப் பிழை 2.5. கண் அதைப் பார்க்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய எண்கள் 53, 34.5, 72. மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகளில் வந்தவை, ஆனால் மூன்றும் சொல்வது ஒரே இடத்தைத்தான்: அந்த எழுத்தோரத்தை. ஓர் ஓரம் இருந்தால் பெரும்பாலும் எல்லா நிலையிலும் அதே இடத்தில் அது தலைகாட்டும். ஒரு நிலையில் எண் அற்பமாக இருந்தால், அதற்குக் கீழ் நுணுக்கமான நிலையிலும் அதே இடத்தில் பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும். ஜெரோம் ஷாபிரோ 1993-இல் இதைப் பிடித்துக்கொண்டார். ‘இந்தக் கிளைக்குக் கீழே ஒன்றுமில்லை’ என்று ஒரே குறியால் சொல்லி, நூற்றுக்கணக்கான பூஜ்யங்களை மொத்தமாக முடித்துவைக்கலாம் என்று காட்டினார். ஜேபெக் 2000 வேறு வழியில் போனது என்றாலும், வேவ்லெட்டால் படத்தைச் சிறுசாக்க முடியும் என்ற நம்பிக்கையைப் பரவலாக்கியது அந்தக் கட்டுரைதான்.

ஹார் கணக்கில் ஒரு குறை: அரை எண்கள் வருகின்றன. மூலப்படிக்குப் பின்னம் ஒத்துவராது. ஜேபெக் 2000-இல் இழப்பில்லாச் சுருக்கத்துக்கு 5/3 என்ற வடிகட்டி இருக்கிறது. இதில் ஒற்றைப்படை இடத்துப் பிக்சலை, இருபுறமும் உள்ள இரண்டு பிக்சல்களின் சராசரியிலிருந்து ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறோம். பிறகு இரட்டைப்படை இடத்துப் பிக்சலோடு, அக்கம்பக்கத்து இரண்டு வித்தியாசங்களின் கூட்டுத்தொகையோடு 2 சேர்த்து 4-ஆல் வகுத்ததைக் கூட்டுகிறோம். பின்னம் வந்த இடத்திலெல்லாம் கீழ்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். எண்ணிக்கையை 0-விலிருந்து தொடங்குங்கள். ஓரத்தில் பக்கத்துப் பிக்சல் இல்லையென்றால் உள்ளிருந்து கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளுங்கள். அதே எட்டுப் பிக்சல்களுக்கு வித்தியாசங்கள் 0, −71, 0, 0. சராசரிக்குப் பதிலாக வருபவை 200, 186, 40, 62. போட்டுப் பாருங்கள். ஹாரில் ஒரு பூஜ்யம் கிடைத்த இடத்தில் இங்கே மூன்று. ஒரே சீராக ஏறுவதையும் இறங்குவதையும் இந்த வடிகட்டி முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. எல்லாம் முழு எண்; அதே படிகளைத் தலைகீழாகச் செய்தால் மூலம் ஒரு பிக்சல் பிசகாமல் திரும்பி வரும். விம் ஸ்வெல்டென்ஸ் 1990-களின் நடுவில் வகுத்த ‘லிஃப்டிங்’ முறை இது. இன்றைய மென்பொருள்கள் வேவ்லெட்டைப் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகின்றன.

வரிசையிலிருந்து படத்துக்கு

முதலில் ஒவ்வொரு வரிசைக்கும், பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இதையே செய்தால் படம் நான்கு கால்பங்காகப் பிரியும். ஒரு மூலையில் பாதி அளவுச் சின்னப் படம். மற்ற மூன்றிலும் கிடைக்கோட்டு, நெடுக்கோட்டு, மூலைக்கோட்டு நுணுக்கங்கள். சின்னப் படத்தை மட்டும் மறுபடி பிரிக்கிறோம். ஐந்து முறை பிரித்தால் நம் 3,000 × 4,000 பக்கம் 94 × 125 பிக்சல் அளவுக்கு வந்துவிடும்.

ஜேபி2 கோப்பின் பெரிய சௌகரியம் இங்கேதான் கிடைக்கிறது. அந்த 94 × 125 படமே பட்டியலில் காட்டும் சிறுபடம். அதோடு ஒரு நிலை நுணுக்கத்தைச் சேர்த்தால் இரு மடங்கு, இன்னொன்று சேர்த்தால் நான்கு மடங்கு. சிறுபடம், திரை அளவுப் படம், அச்சுப் படம் என்று மூன்று கோப்புகள் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை. ஒரே கோப்பிலிருந்து வேண்டிய அளவை மட்டும் படித்துக்கொள்ளலாம். திரையரங்குகளுக்குப் போகும் டிசிபி என்ற சினிமாத் தொகுப்பிலும் இதுதான் நடக்கிறது. ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து 2005-இல் வகுத்த விதிப்படி, படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஜேபெக் 2000 படம். வினாடிக்கு 250 மெகாபிட் உச்சவரம்பு; 24 ஃபிரேமுக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 1.3 எம்பி. 4கே தொகுப்பை 2கே புரொஜெக்டர் உள்ள அரங்கில் போட்டால், கடைசி நிலை நுணுக்கத்தைப் படிக்காமல் விட்டுவிட்டு ஓட்டும். தனிப் பிரதி தேவையில்லை. சென்னையில் மாஸ்டரிங் முடிந்து அரங்குக்குப் போகும் தமிழ்ப் படமும் டிசிபி-யாகப் போகும்போது இந்த வழியாகத்தான் திரைக்கு வருகிறது.

இழப்பு எங்கே நடக்கிறது

இழப்போடு சுருக்கும்போது 5/3-க்குப் பதில் 9/7 என்ற நீண்ட வடிகட்டியைப் பயன்படுத்துவது வழக்கம். கோஹன், இங்க்ரிட் டோபஷி, ஃபோவோ மூவரும் 1992-இல் வெளியிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவும் தன்னளவில் எதையும் இழப்பதில்லை, கணினியின் பின்னப் பிசகைத் தவிர. இழப்பு நடப்பது அடுத்த படியில்: ஒவ்வோர் எண்ணையும் ஒரு படியளவால் வகுத்து, மீதியை உதறுகிறார்கள். படியளவு 8 என்றால் 72 வெறும் 9 ஆகும். 5, −7 இரண்டும் பூஜ்யம். பூஜ்யத்தின் இருபுறமும் 8-க்கு உட்பட்டதெல்லாம் அழியும். படியளவைக் கூட்டினால் கோப்பு சிறுக்கும், படம் மழுங்கும்.

மிஞ்சியதைச் சேமிக்கும் விதம் டேவிட் டாப்மன் வகுத்தது. பிரித்த பகுதிகளை 64 × 64 போன்ற சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எண்களின் உயர்ந்த பிட்டை முதலில், அடுத்த பிட்டை அடுத்து என்று எழுதுகிறார்கள். நம் 71-ஐ இரும எண்ணில் எழுதினால் 1000111. முதல் பிட் வந்தவுடனேயே எண் 64-க்கும் 127-க்கும் இடையில் என்று தெரிந்துவிடும். பிட் வர வரத் துல்லியம் கூடும். ஆகவே இந்த வரிசையிலேயே பிட்டுகளை அடுக்கிய கோப்பை நடுவில் எங்கு நறுக்கினாலும் அதுவரை வந்ததில் கிடைக்கக்கூடிய நல்ல படம் கிடைக்கும். விண்வெளிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளில் இருந்தது ஜேபெக் 2000 அல்ல, ஐசர் என்ற தனி வேவ்லெட் முறை, தத்துவம் இதேதான்.

பழைய ஜேபெக் இருக்க இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ-யின் கைரேகை அட்டைகளே பதில். அங்குலத்துக்கு 500 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஓர் அட்டை சுமார் 10 எம்பி. அப்படிக் கோடிக்கணக்கில் அட்டைகள். ஜேபெக்கில் முயன்று பார்த்தார்கள். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித் தனித்தனியே சுருக்குவதால், அழுத்தம் கூடும்போது கட்டங்களின் எல்லை தெரியத் தொடங்கும். கைரேகை நிபுணர் பார்ப்பது ரேகை முடியும் இடத்தையும் பிரியும் இடத்தையும். கட்ட எல்லை ரேகையின் குறுக்கே ஓடினால் ஆதாரமே பாழ். 1993-இல் வேவ்லெட்டை அடிப்படையாகக் கொண்ட டபிள்யூஎஸ்க்யூ என்ற தனித் தரத்தை வகுத்து, ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். வேவ்லெட் உருமாற்றம் படத்தைக் கட்டங்களாக வெட்டுவதில்லை; கெட்டாலும் மங்கலாகக் கெடும். ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்: மிதமான சுருக்கத்தில் ஜேபெக்குக்கும் ஜேபி2-வுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அழுத்த அழுத்தத்தான் தெரியும்.

என்ன அமைப்பு வைப்பது

கட்டணமில்லா மென்பொருள் ஓப்பன்ஜேபெக். பெல்ஜியத்து லூவேன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. விலைக்கு வாங்கும் காகாடு இன்னும் வேகமானது, டாப்மன் எழுதியது. சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்குப் பைத்தானில் பைவேவ்லெட்ஸ் நூலகம் போதும்.

மூலப்படிக்கு என் பரிந்துரை இழப்பில்லா 5/3-தான். கோப்பு பாதி அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும், அதற்குமேல் சுலபத்தில் இறங்காது. ஸ்கேனரின் இரைச்சலையும் தாளின் நார்களையும் எந்தக் கணக்காலும் ஊகிக்க முடியாது; இடத்தைத் தின்பவை அவைதான். அந்த அளவும் கட்டுப்படியாகாது என்றால், நிறப் படத்தை 9/7-இல் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். இருபதுக்கு மேல் போகாதீர்கள்.

ஓப்பன்ஜேபெக்கில் இரண்டு இடங்களில் புதியவர்கள் சறுக்குவார்கள். விகிதம் மட்டும் கொடுத்தால் அது 5/3-ஐ வைத்தே இழப்போடு சுருக்கிவிடும். 9/7 வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்தது, அதில் கேட்பது தெளிவுநிலைகளின் எண்ணிக்கை; 6 என்று கொடுத்தால் பிரிப்பது ஐந்து முறை. ஒன்று வித்தியாசப்படும். இனி ஒரு நல்ல செய்தி: விகிதத்தை 20, 10, 1 என்று அடுக்கிக் கொடுத்தால் ஒரே கோப்பில் மூன்று தர அடுக்குகள் உருவாகும். கடைசி 1 என்பது இழப்பில்லாதது. வாசகருக்கு 20-ஐக் காட்டலாம், ஆய்வாளர் கேட்டால் முழுவதையும் கொடுக்கலாம்.

படத்தைப் பெரிய ஓடுகளாக வெட்டிச் சுருக்கும் வசதியும் உண்டு. பக்க அளவுப் படத்துக்கு அது வேண்டாம். ஓட்டின் விளிம்பில் பழைய ஜேபெக்கின் கட்டக் கோளாறு பின்வாசல் வழியாக நுழையும். நிலப்படம், கோயில் சுவரோவியம் போன்ற மாபெரும் படங்களுக்கு மட்டும் 1,024 × 1,024 ஓடுகள் வைக்கலாம்.

கண்ணால் சோதிப்பது

மென்பொருள்கள் பிஎஸ்என்ஆர் என்று ஒரு டெசிபல் எண் தரும். பிழைகளின் வர்க்கச் சராசரியால் 255-இன் வர்க்கத்தை வகுத்து, மடக்கை எடுத்துப் பத்தால் பெருக்குவது. மேலே நாம் பாதியை எறிந்த எட்டுப் பிக்சலுக்கு அது 46 டெசிபல், நல்ல எண். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ஆயிரம் பக்கத்தை ஓட்டிவிடாதீர்கள். இது பக்கம் முழுவதற்குமான சராசரி. பக்கத்தின் பெரும்பகுதி வெற்றுத் தாள். கோளாறு நடப்பது எழுத்தில்.

தமிழ் அச்சுக்குச் சோதனை வேறு. முதலில் பாருங்கள் புள்ளியை. ‘க்’ என்பதன் புள்ளி நான்கைந்து பிக்சல் அகலம்தான் இருக்கும். கடைசி நுணுக்க நிலைகளில்தான் அது வாழ்கிறது. படியளவு கூடினால் முதலில் மங்குவதும் அதுதான். மங்கிப்போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், எழுத்துணரி மென்பொருளும் அப்படியே படித்துவிடும். மை தேய்ந்த பழைய அச்சில் ‘ர’வுக்கும் காலுக்கும் அடியில் உள்ள சின்னச் சாய்வுக் கோடு ஒன்றே வித்தியாசம், அதையும் பாருங்கள். பிறகு தடித்த தலைப்பெழுத்துகளின் ஓரம்: சுற்றி வெளிறிய நிழல்கோடு தெரிந்தால் அழுத்தம் அதிகம். நுணுக்கமான அடிக்குறிப்பு உள்ள பக்கம், கறைபட்ட பக்கம், படமுள்ள பக்கம் என்று மூன்றை எடுத்து, மூலத்திலிருந்து சுருக்கியதைக் கழித்து, வித்தியாசத்தைப் பத்து மடங்கு பெருக்கித் திரையில் பாருங்கள். ஒரே சீரான மணல்போல் தெரிந்தால் நல்லது. எழுத்துகளின் உருவம் அதில் வாசிக்க முடிகிற அளவுக்குத் தெரிந்தால், நீங்கள் எறிந்தது இரைச்சலை அல்ல, எழுத்தை.

எங்கே வேண்டாம்

வெறும் கறுப்பு வெள்ளை எழுத்துப் பக்கத்துக்கு வேவ்லெட் தோதான கருவியல்ல. இரண்டே நிறம் உள்ள படத்துக்கென்று ஜேபிக்2 போன்ற தனி முறைகள் இருக்கின்றன. 1990-களின் இறுதியில் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் யான் லெகுன் முதலியோர் செய்த டேஜாவியூ வடிவம் இதை அழகாகத் தீர்த்தது: எழுத்தை ஓர் அடுக்காகப் பிரித்துத் தனி முறையிலும், தாளின் நிறத்தைப் பின்னணி அடுக்காக வேவ்லெட்டிலும் சுருக்கியது. அந்த வடிவம் இப்போது வழக்கொழிந்து வருகிறது, யோசனை மட்டும் பிடிஎஃப்களில் பிழைத்திருக்கிறது.

இணையப் பக்கத்தில் நேரடியாக ஜேபி2 போடாதீர்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைப் படமாகக் காட்டுவதில்லை. வாசகருக்கு ஜேபெக்காகவோ வெப்பியாகவோ மாற்றிக் கொடுங்கள். மூலப்படி உள்ளே இருக்கட்டும். வேகம் போதவில்லை என்ற பழைய புகாருக்கு 2019-இல் தரத்தின் 15-ஆம் பகுதி பதில் சொன்னது. மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு ஆதரவு உண்டா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே ஜேபெக்காக மட்டும் வைத்திருக்கும் ஸ்கேன்களை இழப்பில்லா ஜேபி2-வாக மாற்றிவைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். போனது போனதுதான், கோப்பு பெருக்கும், 8 × 8 கட்டங்களும் பத்திரமாகப் பாதுகாக்கப்படும். அசல் தாள் இன்னும் கையில் இருந்தால், மறுபடி ஸ்கேன் செய்துவிடுங்கள்.